இன்றைக்கு என்ன படம்?

எண்பதுகளில் படம் தேர்ந்தெடுப்பது என்ற வேலையே வீட்டில் இருப்பவர்களுக்குக் கிடையாது. சென்னை சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள தூர்தர்ஷன் நிலையத்தில் யாரோ சில அதிகாரிகள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவி இருக்கும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்கும், அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கூட்டத்துக்கும் அந்தப் படம் ஓடும். பிடித்தால் பார்ப்பது, பிடிக்காவிட்டாலும் பார்ப்பது.

1975 ஆகஸ்ட் 15-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய நிலையம் அது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ என்று கொஞ்ச நேரம் சினிமாப் பாட்டு, ஞாயிறு சாயங்காலம் ஒரு தமிழ்ப் படம். வாரத்துக்கு அவ்வளவுதான் படியளந்தார்கள். மற்ற நேரத்தில் ‘வயலும் வாழ்வும்’, செய்தி, கச்சேரி, இரவானால் டெல்லியிலிருந்து இந்தி. படத்தின் நடுவே செய்தி வாசிப்பார்கள். திடீரென்று ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்து நிற்கும். யாரும் எழுந்து போகமாட்டார்கள். எழுந்து போய்ப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

அந்த வறுமையில் நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஞாயிறு மத்தியானம் டெல்லி ஒளிபரப்பில் மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள். பெரும்பாலும் விருது வாங்கிய படம், கீழே ஆங்கில எழுத்து. ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் கன்னடம், ஒரு வாரம் மலையாளம், அசாமியம் என்று சுற்றி வரும். தமிழின் முறை வருவதற்குள் மாதக்கணக்கு ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு அரைத் தூக்கத்தில் பாயில் படுத்தபடி, வேறு போக்கில்லாமல், சத்யஜித் ராயையும் அடூர் கோபாலகிருஷ்ணனையும் கிரீஷ் காசரவள்ளியையும் பார்த்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் இருக்கிறது. நானும் அதில் ஒருவன். அந்த இயக்குநர்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. மழையில் நனைந்த ஒரு கேரளத்து வீட்டின் தாழ்வாரம், எவ்வளவோ நேரம் யாரும் பேசாமல் இருந்த ஒரு காட்சி என்று சில படிமங்கள் மட்டும் உள்ளே போய்த் தங்கின. பிறகு இருபது வயதுக்கு மேல் அதே படங்களைத் தேடிப் போய்ப் பார்த்தபோது, ஏற்கெனவே பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல் இருந்தது. கையில் ரிமோட்டும் நூறு சேனலும் இருந்திருந்தால் நிச்சயமாக அந்தப் படங்களைப் பத்து நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

எந்த ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மட்டும் அன்று நம் கையில் இருந்தது. கொடைக்கானல் உச்சியில் தூர்தர்ஷன் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்து தென்மாவட்டங்களுக்குப் படம் தெளிவாகக் கிடைக்கும்வரை, தூத்துக்குடி, இராமநாதபுரம் கரையோர வீடுகளின் ஆன்டெனாக்கள் கடலைப் பார்த்துத்தான் நின்றன. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி அந்தப் பக்கத்தில் அவ்வளவு சுத்தமாகக் கிடைத்தது. அதே நேரத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் தங்கள் ஆன்டெனாவை இந்தியப் பக்கம் திருப்பி வைத்துத் தமிழ்ப் படத்துக்குக் காத்திருந்தன. ஓட்டு மேல் ஒருவன் ஏறிக் குழாயைப் பிடித்துத் திருகுவான். கீழே வாசலில் ஒருவர், உள்ளே டிவி முன்னால் ஒருவர். “தெரியுதா?” “புள்ளியா வருது.” “இப்போ?” “விடாதே, அப்படியே பிடி.” பிடித்துக்கொண்டே நின்றவனுக்குப் பாதிப் படம் போய்விடும்.

வீட்டில் இருப்பவர்கள் படத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை முதன்முதலில் வந்தது டெக் வந்தபோதுதான். வீடியோ பிளேயரை யாரும் அந்தப் பெயரில் சொன்னதில்லை. அது டெக். தலைத்தீபாவளி, காதுகுத்து, சடங்கு, கிராமத்தில் கோயில் கொடை என்று ஏதாவது ஒரு விசேஷத்தைச் சாக்காக வைத்து, நாலு வீடு காசு சேர்த்து, ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்பார்கள். டெக், கலர் டிவி, அதோடு மூன்று நான்கு கேசட். கடைக்காரப் பையன் சைக்கிளின் பின்னால் போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவான்.

அந்த மூன்று நான்கு கேசட் எவை என்பதற்குச் சாயங்காலமே பஞ்சாயத்து நடந்து முடிந்திருக்கும். முதலில் சாமி படம். அதில் யாருக்கும் மறுபேச்சு கிடையாது, ஏ.பி. நாகராஜனோ தேவர் பிலிம்ஸோ, ஒரு கற்பூரம் காட்டினாற்போல் ராத்திரி தொடங்க வேண்டும். அடுத்தது பெரியவர்களுக்கு எம்.ஜி.ஆரோ சிவாஜியோ. அது முடிவதற்குள் குழந்தைகள் உருண்டு தூங்கிவிடும். இளவட்டங்களுக்கான ரஜினி, கமல் படம் மூன்றாவது. விடியற்காலம் நாலு மணிக்கு ஓடும் கடைசிப் படத்துக்கு நாலைந்து பேர்தான் விழித்திருப்பார்கள். நடுவில் படம் கோடு கோடாகப் போகும். பையன் மூடியைக் கழற்றி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, மறுபடி போடுவான். அந்தப் பையன்தான் அந்த வட்டாரத்தின் சினிமா அறிவு முழுவதும். “பொம்பளைங்க நிறைய இருப்பாங்களாண்ணே? அப்ப அது வேணாம், சண்டை ஜாஸ்தி. இதை எடுத்துட்டுப் போங்க” என்பான். யார் வீடு, யார் பார்க்கப் போகிறார்கள், எத்தனை கிழவிகள், புதுமாப்பிள்ளை எந்த ஊர் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் தந்த படம் தப்பாகப் போனால் மறுநாள் அவனிடமே போய்க் கேட்கலாம். கடைக்குள் போய் நிற்கும் நமக்கும், கவுன்டரில் இருக்கும் அவனுக்கும் நடுவில் நடந்த அந்தப் பேச்சை இன்றைய எந்தச் செயலியும் ஈடுசெய்யவில்லை என்பது என் கட்சி.

கேபிள் காலம் வேகமாக வந்தது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி. பண்டிகைக்குப் பண்டிகை ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக’ என்ற குரல். ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று ராத்திரிச் சமையல் நேரத்தையே சீரியல்கள் மாற்றி எழுதின. படத்துக்கு நடுவே விளம்பரமா, விளம்பரத்துக்கு நடுவே படமா என்ற நிலை வந்தது. விளம்பரம் இல்லாமல் பார்க்க விரும்பியவர்கள் பேருந்து நிலைய வாசலில் சிடி வாங்கினார்கள். அந்தத் திருட்டு விசிடி தொழில் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்றால், 2004-இல் குண்டர் சட்டத்தையே திருத்தி வீடியோ திருட்டையும் அதில் சேர்த்தார்கள். 2006-இலிருந்து அரசே இலவசமாகக் கலர் டிவி கொடுத்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று படம் பார்க்கும் வழக்கம் அத்தோடு முடிந்தது. அது முடிந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, “உள்ளே வராதே, அங்கேயே உட்காரு” என்று ஒருவர் சொல்லக் கேட்டபடி படம் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

புதுப் படம் நேராக வீட்டுக்கே வரலாம் என்பதைத் தமிழில் முதலில் துணிந்து சொன்னவர் கமல்ஹாசன். ‘விஸ்வரூபம்’ படத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச் வழியாக, பணம் கட்டுபவர்கள் வீட்டில் காட்டப்போவதாக அறிவித்தார். தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள். அந்தத் திட்டம் நடக்கவில்லை. வேறு பிரச்சினைகளும் சேர்ந்து, 2013 பிப்ரவரியில்தான் படம் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கே வந்தது. ஏழு ஆண்டு கழித்து, கொரோனாவில் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தபோது, 2020 மே 29-இல் ஜோதிகாவின் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வெளியானது. அப்போதும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் தடுக்க முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ‘சூரரைப் போற்று’. தியேட்டரைக் காணாமலே வெளியான அந்தப் படம் சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’, ‘ஜெய் பீம்’. இருளர் ஒருவரின் காவல் நிலையச் சாவைப் பற்றிய படத்தை, ஒரே ராத்திரியில் ஊர் ஊராகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்து, மறுநாள் டீக்கடையில் அதில் வரும் சந்துரு வக்கீலைப் பற்றிப் பேசினார்கள். ஞாயிறு சாயங்காலப் படத்துக்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் வீட்டில் பார்த்தது அந்த ஓரிரு ஆண்டுகளில்தான் என்று நினைக்கிறேன்.

ஊரடங்கு முடிந்தது. தியேட்டர் திறந்தது. வீட்டுக்குள் வந்த ஓடிடி மட்டும் திரும்பிப் போகவில்லை. இப்போது பெரிய படங்களே நாலு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. “அடுத்த மாசம் ஓடிடியில் வந்துடும், பார்த்துக்கலாம்” என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது.

ராத்திரி ஒன்பதரை மணிக்கு அப்படி ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். சாப்பிட்டாயிற்று, தட்டு கழுவியாயிற்று, நாலு பேர் சோபாவில். ரிமோட் கையில் இருப்பவர் கீழே கீழே போகிறார். ஒரு படத்தின் மேல் நிற்கிறார். முன்னோட்டம் தானாக ஓட ஆரம்பிக்கிறது. “இது கொலைப் படம், ராத்திரி வேணாம்.” அடுத்தது. “பாதி பார்த்துட்டோமே.” அடுத்தது. “இதுல அழுகை ஜாஸ்தியாமே.” வெளியே வந்து வேறொரு செயலி. அதில் நேற்று யாரோ தேடிய படத்துக்குச் சந்தா தனி. இன்னொன்றில் தமிழ் ஒலி இல்லை. நேரம் பத்தைத் தாண்டுகிறது. ஒருவர் போனை எடுத்துவிட்டார், ஒருவருக்குக் கொட்டாவி. கடைசியில் யூடியூபில் வடிவேலு காமெடி போட்டுச் சிரித்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். வடிவேலுவைப் பார்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. மாதாமாதம் மூன்று நான்கு சந்தா கட்டிய வீட்டில், அலுத்துப்போன கண்களுக்குக் கிடைத்தது அதுதான் என்பது வேதனை.

இப்படி நடப்பது அந்த நிறுவனங்களுக்குத் தெரியும். நெட்ஃப்ளிக்ஸின் பரிந்துரை முறையை உருவாக்கியவர்களில் கார்லோஸ் கோமஸ்-உரிபே, நீல் ஹன்ட் இருவரும் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஒருவர் 60 முதல் 90 விநாடிவரைதான் தேடுவாராம். அதற்குள் பத்திருபது தலைப்புகளை மேலோட்டமாகவும், அதில் மூன்றைக் கொஞ்சம் கவனித்தும் பார்ப்பாராம். அதற்குள் மனதுக்குப் பிடித்தது கண்ணில் படாவிட்டால் வெளியே போய்விடும் அபாயம் கணிசமாகக் கூடுமாம். தங்கள் தளத்தில் மக்கள் பார்க்கும் நேரத்தில் ஏறத்தாழ 80 சதவிகிதம் பரிந்துரையால் வருவது என்றும் அதில் இருக்கிறது. ஆக, நாமே தேர்ந்தெடுத்ததாக நினைத்துப் பார்க்கும் ஐந்து மணி நேரத்தில் ஏறத்தாழ நாலு மணி நேரம் நம் முன் எடுத்து வைக்கப்பட்டது. 2017-இல் இன்னொரு படி மேலே போய், ஒரே படத்துக்கு ஆளுக்கொரு முகப்புப் படம் காட்டத் தொடங்கினார்கள். காதல் படம் அதிகம் பார்ப்பவருக்கு ஜோடியின் முகம். நகைச்சுவை பார்ப்பவருக்கு நகைச்சுவை நடிகரின் முகம். உள்ளே இருப்பது ஒரே படம்.

கேசட் கடைப் பையனும் ஆள் பார்த்துத்தான் படம் கொடுத்தான். ஆனால் நாம் கேட்காத ஒன்றையும் அவன் எடுத்து நீட்டுவான். “இது புதுசா இருக்கும், பார்த்துட்டுச் சொல்லுங்க” என்பான். இயந்திரத்துக்கு நாம் 90 விநாடியில் எழுந்து போய்விடக் கூடாது என்ற கவலை. அதனால் நேற்றுப் பிடித்ததற்குப் பக்கத்தில் இருப்பதையே இன்றும் வைக்கிறது. இரண்டு கொலைத் தொடர் பார்த்தால் போதும், முகப்பு முழுக்க ரத்தம். கூட்டுக் குடும்பத்தில் ஒரே கணக்கை எல்லோரும் பயன்படுத்தினால் அதற்கு நாம் யார் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. பேரன் பார்த்த பொம்மைப் படமும் தாத்தா பார்த்த போர்ப் படமும் கலந்து, யாருக்கும் வேண்டாத வரிசை ஒன்று வருகிறது.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, அந்த வரிசையில் இல்லாத படங்கள் இந்த உலகத்திலேயே இல்லை என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வளர்வது. நாற்பது, ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி பெரிய ஓடிடிகளில் கிடையாது. அவற்றில் பல யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் தெரிந்து தேடினால் வரும். பெயர் தெரியாதவர்களுக்கு யார் சொல்வது? 2024 நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்ற செயலியைத் தொடங்கியிருக்கிறது. தூர்தர்ஷனின் பழைய நிகழ்ச்சிகள் சில அதில் வருகின்றன. சென்னை நிலையத்தின் கிடங்கில் இருக்கும் நாடகங்களும் பேட்டிகளும் கச்சேரிகளும் முழுதாக வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இருக்கும் படமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தம் முடிந்தால் சத்தமில்லாமல் போய்விடும். நயன்தாரா நடித்த ‘அன்னபூரணி’ எதிர்ப்பு வந்ததும் 2024 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸிலிருந்து மறைந்தது. 2015-இல் ஹாட்ஸ்டாராக வந்தது டிஸ்னி பெயரைச் சேர்த்து, 2025-இல் ஜியோ பெயரைச் சேர்த்து மாறியதில், எந்தப் படம் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. அலமாரியில் இருந்த கேசட்டில் பூஞ்சை பிடித்தாலும், அது நம் அலமாரியில்தான் இருந்தது.

இவ்வளவு சொன்னாலும், அந்தக் காலமே தேவலை என்று நான் சொல்லமாட்டேன். அன்று ரிமோட் வந்த பிறகும் அது அப்பா கையில்தான் இருந்தது. கிரிக்கெட் நடந்தால் கிரிக்கெட், செய்தி என்றால் செய்தி. அம்மாவுக்கு என்ன படம் பிடிக்கும் என்று கேட்ட வீடுகள் குறைவு. இன்று சமையலறையில் போனை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துத் தனக்குப் பிடித்ததைப் பார்க்கும் பெண்ணுக்கு யாரும் அனுமதி எழுதித் தர வேண்டியதில்லை. 2023 தொடக்கத்தில் ஜீ5-இல் வந்த முத்துக்குமாரின் ‘அயலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு வந்துவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடும் ஊரில், அதை மறைத்துப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணின் கதை. எட்டே பகுதி. விளம்பரக்காரர்களுக்குப் பயந்து இரவு எட்டு மணி சீரியல் ஒருபோதும் தொட்டிருக்காத விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியை அதைத் தன் அம்மாவோடு பார்த்தார். அம்மா தன் பதின்மூன்றாம் வயதைப் பற்றி முதன்முறையாக மகளிடம் பேசினார் என்று சொன்னார்.

மலையாளப் படம் தமிழ் வீட்டுக்குள் இப்படிப் புகுந்ததும் ஓடிடியால்தான். ‘கும்பளங்கி நைட்ஸ்’, ‘த்ரிஷ்யம் 2’, ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ என்று ஊரடங்கில் பார்த்துப் பழகிய கண்களும் காதுகளும் இருந்ததால்தான், 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அப்படி நிரம்பின என்று நம்புகிறேன். படத்தில் வரும் குணா குகையும் இளையராஜா பாட்டும் மட்டும் அதைச் செய்திருக்காது. காது கேட்காதவர்களுக்குத் திரையின் கீழே வசனம் வருவதும் இந்தக் காலம் கொடுத்த வரம். அந்த ஞாயிறு சாயங்காலத் தமிழ்ப் படத்தில் அவர்களைப் பற்றி யார் நினைத்தார்கள்?

குறை படங்களின் எண்ணிக்கையில் இல்லை. யார், எப்போது, யாருக்காகத் தேர்ந்தெடுப்பது என்பதை நாம் ஒருவரும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளவில்லை. டெக் எடுத்த ராத்திரிக்குச் சாயங்காலமே பஞ்சாயத்து முடிந்திருக்கும். இன்று களைத்து உட்கார்ந்த பிறகு தொடங்குகிறோம், களைத்தவனுக்கு எதுவும் பிடிக்காது. பகலில் எப்போதாவது, நண்பர் சொன்னதையோ பத்திரிகையில் படித்ததையோ ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தால்கூட ராத்திரி பாதி வேலை மிச்சம்.

மதுரையில் என் தங்கை வீட்டில் முறை வைத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஒருவர் முறை. அவர் போடும் படத்தை மற்றவர்கள் குறைந்தது பாதிவரை எழுந்திருக்காமல் பார்க்க வேண்டும். மாமியார் தன் முறைக்கு ‘திருவிளையாடல்’ கேட்டார், யூடியூபில் கிடைத்தது. மாப்பிள்ளை ஒரு மலையாளப் படம் போட்டார். எட்டாவது படிக்கும் பையன் தன் முறைக்கு மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’யைப் போட்டான், ஜப்பானிய அனிமேஷன். தமிழ் ஒலி இல்லை. அவனே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கீழே வந்த ஆங்கில எழுத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். ஆளில்லாத கடைத்தெருவில் பரப்பி வைத்திருந்த சாப்பாட்டைக் கதையின் நாயகியான சிறுமியின் அப்பாவும் அம்மாவும் அள்ளி அள்ளித் தின்று பன்றியாக மாறும் இடம் வந்தது. பையனுக்கே அது ஏன் என்று சரியாகப் புரியவில்லை. பாட்டிக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. “சாமிக்கு வச்ச படையல்ல கைய வச்சா பின்ன என்னாவும்?” என்றார். அப்புறம் கடைசிவரை அவர் எழுந்திருக்கவில்லை. பெயரைப் பறிகொடுத்த அந்தச் சிறுமிக்கு அவள் பெயர் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் தங்கையின் முறை. ‘அயலி’யில் முதல் இரண்டு பகுதி போடப்போவதாகச் சொல்லியிருந்தாள். எட்டுப் பகுதியையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று பாட்டி கட்சி, வாரத்துக்கு இரண்டுதான் என்று தங்கை கட்சி, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.